பழைய அண்டாவை என்ன செய்வது

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றேகால் மணிக்குச் சாப்பாட்டு மண்டபத்தின் பின்கதவடியில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தாள். ஒன்றேகாலுக்குப் பிற்பகல் வகுப்பு மணியை அடிப்பது என் வேலை. அதனால்தான் நேரம் அவ்வளவு சரியாக நினைவிருக்கிறது. மணியடிக்கிற கட்டையைக் கையில் எடுத்தபடி நின்றேன். அதன் பிறகு அடித்தேனா இல்லையா என்று தெரியாது. வேறு இரண்டு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அடுத்ததாக எழும்பியவள் என் மகள் வசந்தி.

மாணவிகள் விடுதிகளுக்குப் புதிதாகப் பொறுப்பேற்கும் உங்களுக்காக, சமையல் பாத்திரம் தெரிந்து வாங்குவது பற்றிச் சில பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நான் சென்ற தவணையோடு வேலையை விட்டுவிட்டேன். எந்தப் பாத்திரம் நல்லது, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கினால் அந்த மணிக்கட்டைதான் முதலில் கைக்கு வருகிறது. ஆகவே அங்கிருந்தே சொல்கிறேன். ஒழுங்காக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் விடுதி வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் வீதியிலிருந்து சற்று உள்ளே, காட்டை வெட்டித் திறந்த புதுக் குடியேற்றத்தின் ஓரத்தில் இருந்தது. யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து வாய்க்கால் கரைகளில் காணி எடுத்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் அங்கே தங்கிப் படித்தார்கள். என் கணவருக்குப் பளையில் வேலை. வசந்தியும் நானும் விடுதியிலேயே இருந்தோம். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அவளும் என்னை "ரீச்சர்" என்றுதான் கூப்பிட வேண்டும். அப்படி ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன்.

குசினியில் ஒரு பெரிய பித்தளை அண்டா இருந்தது. பக்கத்து ஊரில் நிறைய வயல் உள்ள ஒருவர், இறந்துபோன தன் தாயாரின் நினைவாகக் கொடுத்தது. தோளில் வளையமாக 'அன்னப்பிள்ளை ஞாபகார்த்தம்' என்று வெட்டியிருந்தது. பித்தளைக்கு உட்பக்கம் ஈயம் பூசியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஈயம் தேய்ந்துபோனால் புளிப்புப் பட்டுக் களிம்பு ஊறும், அது நஞ்சு. எனக்கும் தெரியும். சமையற்கார மங்கையக்காவுக்கும் தெரியும். அறுவடை முடிந்த கையோடு ஒருவர் துருத்தியும் நவச்சாரமும் கொண்டு வந்து, மரத்தடியில் அடுப்பு மூட்டி, ஊர் முழுவதற்கும் ஈயம் பூசிவிட்டுப் போவார். பிறகு அவர் வருவது நின்றுவிட்டது. இந்தியாவுக்குத் திரும்பிப் போய்விட்டார் என்றார்கள் சிலர். அனுராதபுரத்தில் கண்டதாகச் சொன்னார்கள் வேறு சிலர். அண்டாவின் உள்வெள்ளை மங்கி, அங்கங்கே மஞ்சள் தெரியத் தொடங்கியதும், புதுப் பாத்திரம் வாங்கப் பெரிய ரீச்சரிடம் அனுமதி கேட்டேன். எங்கள் தலைமை ஆசிரியையைத்தான் அப்படிச் சொல்கிறேன்.

மங்கையக்காவைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் நானாவின் பாத்திரக் கடை. அலுமினியச் சட்டிகள் கூரையிலிருந்து தோரணம் மாதிரித் தொங்கின. எனக்கு அவற்றில் மினுக்கம் கூடிய ஒன்றில் கண் போய்விட்டது. தூக்கினால் பூப்போல இருந்தது.

"அதை வையுங்க ரீச்சர்" என்றார் நானா. "வீட்டில என்ன விறகு?"

"வீட்டுக்கில்லை, விடுதிக்கு. பாலை விறகு."

"பாலை விறகுக்கு இந்த மெல்லிசு நிக்குமா? அடி வளைஞ்சு ஆடும். சோறு ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் அரிசி." உள்ளே போய்க் கனமான இரண்டைத் தூக்கி வந்தார். "விரலால சுண்டிப் பாருங்க. கிணுகிணுன்னா மெல்லிசு. தொம்முன்னா கனம். காதைப் பிடிச்சு ஆட்டுங்க. ஆணி அசையுதா? நல்லா ஆட்டுங்க, என்ர காதில்ல, சட்டிக் காது."

மங்கையக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தா.

இதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். விறகைச் சொல்லிப் பாத்திரம் கேளுங்கள். சுண்டிப் பாருங்கள். காதை ஆட்டிப் பாருங்கள். உள்ளே கை விட்டுக் கழுவ முடியாத கழுத்துள்ளதை வாங்காதீர்கள். நிறைத்தால் இரண்டு பெண்களால் இறக்க முடியாததையும் வாங்காதீர்கள். இவ்வளவும் சரியான புத்திமதி. நானும் அன்று சரியாகத்தான் வாங்கினேன். என்னைக் குழப்புவதே அதுதான்.

காசு கொடுத்த பிறகு நானா இரண்டு விஷயம் சொன்னார். "புளி, தயிர் இதில சமைக்கலாம். சமைச்சு வைச்சிருக்கக் கூடாது. உடன வேற ஏனத்துக்கு மாத்திடுங்க." மற்றது: "பழைய பித்தளை கிடந்தாக் கொண்டாங்க. நான் எடுத்துக்கிறன்."

முதலாவதை மங்கையக்காவுக்கு அங்கேயே திருப்பிச் சொன்னேன். "ஓம் ரீச்சர், கேட்டனான்" என்றா. இரண்டாவதைப் பெரிய ரீச்சரிடம் சொன்னபோது அவ முகத்தைச் சுழித்தா.

"செத்த மனுசியின்ர பேர் போட்டதைக் கடைக்கு விக்கிறதோ? அவையின்ர வயல் நெல்லிலைதான் எங்கட பிள்ளையள் சாப்பிடுதுகள். அந்த மகன்காரன் கேட்டால் என்ன சொல்லுறது?"

"அப்ப எங்கை வைக்கிறது?"

"அது பாட்டுக்கு ஒரு மூலையிலை கிடக்கட்டுமன்."

கிடந்தது. புதுச் சட்டிகள் அடுப்பில் ஏறின. அண்டா குசினி மூலையில் கவிழ்ந்து கிடந்தது.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் விடுதியில் வெள்ளி மரக்கறி நாள். மங்கையக்காவும் நானும் பொழுதுபடும்வரை சாப்பிட மாட்டோம். விரதம் இருப்பவர் உப்புப் பார்க்கவும் மாட்டார். அதனால் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டைச் சமைத்தவரும் ருசி பார்ப்பதில்லை, பரிமாறியவரும் ருசி பார்ப்பதில்லை. மங்கையக்காவின் கைப்பக்குவத்தை நம்பி எத்தனையோ வெள்ளிகள் அப்படிப் போயின. மேலும், அவ காலையில் கோயிலுக்குப் போக வேண்டும் என்பதற்காகக் குழம்பை வியாழன் பின்னேரமே வைத்துவிடுவா. பழப்புளி விட்ட கத்தரிக்காய்க் குழம்பு. மறுநாள்தான் ருசி என்று பிள்ளைகளும் சொல்வார்கள்.

புதுச் சட்டிகள் வந்தபின் முதல் வெள்ளி அது. அன்றும் அதே குழம்புதான்.

ஒரு மணி நேரத்துக்குள் மண்டபம் முழுவதும் பாய் விரித்தாகிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவர்கள், வாந்தி எடுத்தவர்கள், பயத்தில் அழுதவர்கள். யாருக்கு உண்மையில் வயிற்று வருத்தம், யார் மற்றவளைப் பார்த்து அழுகிறாள் என்று பிரிக்க முடியவில்லை. மருந்துச்சாலை அப்போத்திக்கரியாருக்கு ஆள் போனது. அவர் வருவதற்கு முன்பே செய்தி வாய்க்கால் வழியே ஓடிப் பெற்றோர் வந்துவிட்டார்கள்.

முதலில் வந்த தகப்பன் நேரே குசினிக்குள் போனார். "அலுமினியத்திலை சமைச்சியளோ? நான் அண்டைக்கே சொன்னனான், உது பிளேன் செய்யிற சாமான் எண்டு!" புதுச் சட்டி இரண்டையும் தூக்கி முற்றத்தில் எறிந்தார்.

"சட்டியிலை என்ன? கத்தரிக்காய்க்கு முந்தநாள்தான் மருந்தடிச்சவங்கள்" என்றா ஒரு தாய்.

"ஆர் அடிச்சது? என்ர தோட்டத்துக் கத்தரிக்காய். வாங்கோ, பச்சையாய்க் கடிச்சுக் காட்டுறன்!"

"கிணத்துத் தண்ணியாய் இருக்கும்."

"மங்கை சாப்பிடேல்லையாம். அதைக் கேளுங்கோ முதல்!"

மங்கையக்கா அடுப்படியிலிருந்து முன்னுக்கு வந்தா. "வெள்ளிக்கிழமை நான் விரதம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? ரீச்சரும்தான் சாப்பிடேல்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே படுத்திருந்த பிள்ளைகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு தாய்தான், "ரீச்சரின்ர பிள்ளையும் இஞ்சை கிடக்குதடாப்பா. வாயை மூடுங்கோ" என்றா.

நான் வசந்தியிடம் போனேன். எல்லோரிலும் அவளுக்குத்தான் வருத்தம் கூட. உதடு வெளிறி, கை கால் குளிர்ந்து கிடந்தாள். வாந்தி பச்சை கலந்து வந்தது.

"குழம்பு ஒரு மாதிரி இருக்கேல்லையோ பிள்ளை?"

"இருந்தது ரீச்சர். ஒரு சதக் காசை நக்கினமாதிரி."

"பிறகேன் சாப்பிட்டனி?"

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "மற்றப் பிள்ளையள் என்னைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவை. நான் மிச்சம் விட்டால் அவையும் சாப்பிடாயினம். நீங்கள் பிறகு ஏசுவியள்."

வேறு பிள்ளைகள் தட்டோரத்தில் ஒதுக்கிய குழம்பை என் பிள்ளை வழித்துச் சாப்பிட்டிருக்கிறாள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத முடியவில்லை. உங்களில் பிள்ளையோடு விடுதிக்குப் போகிறவர்கள் இருந்தால் விளங்கிக்கொள்வீர்கள்.

அப்போத்திக்கரியார் சைக்கிளில் வந்தார். வாந்தியை மறிக்க வேண்டாம், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். ஒவ்வொரு பாயாகக் குனிந்து பார்த்தார். வசந்தியின் கையை அதிக நேரம் பிடித்திருந்தார். "பொழுதுபட முன்னம் இது வயித்திலை ஏதும் தங்க வேணும். இல்லாட்டில் வவுனியாவுக்குக் கொண்டு போவம். உப்புப் போட்ட கஞ்சி, தண்ணியாய்."

"எதிலை காய்ச்சுறது?" என்று கேட்டேன்.

அவர் முற்றத்தில் கிடந்த சட்டிகளைப் பார்த்தார். தண்ணீர்க் குடங்களைப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சால் சொல்லமாட்டனோ ரீச்சர்?"

அந்தக் கேள்விதான் எனக்கு வந்த சோதனை. விடை தெரியாது. ஆனால் கஞ்சி காய்ச்ச வேண்டும். ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் சரியாக இருக்கலாம் போலத் தோன்றுகிறது. எது குற்றவாளி என்று கண்டுபிடிக்கிற வேலையை அந்த நேரத்தில் விட்டுவிட்டேன். குசினியில் இருந்த எல்லாவற்றையும், அகப்பை முதல் குடம் வரை, வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். வேறு வீட்டுப் பானை, வேறு வீட்டுத் தண்ணீர், வேறு வீட்டு அரிசி. பிற்காலத்தில் யாராவது என்னைக் கெட்டிக்காரி என்றால் இதற்காகத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதை யோசித்துச் செய்யவில்லை. பயத்தில் செய்தேன்.

மண்பானைதான் நல்லது என்றார்கள் எல்லோரும். சந்தையில் புதுப் பானை கிடைக்கும். ஆனால் புதுப் பானையைப் பழக்காமல் ஏற்ற முடியாது. வடிகஞ்சி ஊற்றி, ஊறவைத்து, சின்ன நெருப்பில் காய்ச்சி எடுக்க இரண்டு மூன்று நாள் வேண்டும். ஆகவே பழகின பானை வேண்டும். பழகின பானை என்றால் பக்கத்து வீடுகளில்தான்.

அங்கேதான் வெள்ளிக்கிழமை குறுக்கே வந்தது. எங்கள் வீடுகளில் மரக்கறிச் சட்டி வேறு, மீன்சட்டி வேறு. இரண்டும் ஒரு உறியில்கூட இராது. வெள்ளியில் மரக்கறிச் சட்டிகள் எல்லாம் அடுப்பில். சும்மா கிடப்பவை மீன்சட்டிகள்.

"அதைக் கொண்டு வாங்கோ" என்றேன்.

வந்திருந்த தாய்மார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ரீச்சர், இண்டைக்கு வெள்ளி" என்றா ஒருத்தி மெல்ல.

"தெரியும்."

"விரதகாரப் பிள்ளையளும் இருக்குதுகள்."

"அந்தச் சட்டியிலை நேற்றுச் சமைச்சு நீங்கள் சாப்பிட்டனியள்தானே? உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லைத்தானே? எனக்கு அது போதும்."

அவ எழும்பினா. "சாம்பல் போட்டு நல்லா உரஞ்சிக் கொண்டு வாறன்" என்றபடி வாசல் படலையைத் திறந்தா. அதன் பிறகு மற்றவர்களும் போனார்கள். நீங்கள் கடையில் ஒரு பாத்திரத்தை எடுக்கும்போது கடைக்காரரிடம் நூறு கேள்வி கேட்கலாம். நேற்று அதில் சமைத்துச் சாப்பிட்டவர் இன்று நடமாடுகிறார் என்பதைவிட நல்ல அத்தாட்சி எனக்கு அன்று கிடைக்கவில்லை, இன்றும் தெரியாது.

முற்றத்தில் கல் வைத்து, ஆறேழு மீன்சட்டிகளில் கஞ்சி கொதித்தது. பாயோடு பாயாகக் கரண்டியால் பருக்கினோம். சில பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். ஒருத்தி அழுதாள். வசந்தி முதல் கரண்டியைத் துப்பவில்லை. இரண்டாவதையும் துப்பவில்லை. நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கரண்டியைத் தள்ளிவிட்டாள்.

"மீன் மணக்குது, அம்மா."

எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னாள். ரீச்சர் என்று சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்று என் பிள்ளை அந்த விடுதியில் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அப்போத்திக்கரியார் சிரித்துவிட்டார். "மணக்குது எண்டு சொன்னால் இனிப் பயமில்லை. வவுனியா வேண்டாம்."

பொழுதுபட்டபோது ஒரு சில பிள்ளைகளைத் தவிர எல்லோரும் எழும்பி உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை, மங்கையக்கா என்னைக் குசினிக்குப் பின்னால் கூப்பிட்டா. வெளியே எடுத்து வைத்த சாமான்களுக்கு நடுவே அண்டா நிமிர்ந்து இருந்தது. நான் உள்ளே பார்த்தேன். தங்கம் மாதிரி மினுங்கியது. அவ்வளவு பளிச்சென்று அதை நான் ஒருநாளும் கண்டதில்லை.

"ஆர் மினுக்கினது?"

"ஒருத்தரும் மினுக்கேல்லை ரீச்சர்." முந்தானையால் முகத்தைத் துடைத்தா. "புளியெண்டால் வேற ஏனத்துக்கு மாத்தச் சொன்னியள். மண்சட்டியளுக்குள்ளை அவ்வளவு குழம்பு கொள்ளாது. வேற பெரிய ஏனம் எண்டால் இதுதானே கிடந்தது. நீங்கள் சொன்னமாதிரிச் சுடச்சுட மாத்தினனான்."

ஓர் இரவு முழுவதும் புளிக்குழம்பு கிடந்து, மிஞ்சியிருந்த ஈயத்தைத் தாண்டிப் பித்தளையைத் தின்றிருக்கிறது. அப்படித்தான் நினைக்கிறேன். அப்போத்திக்கரியாரிடம் கேட்டபோது "இருக்கலாம்" என்றுதான் சொன்னார். கத்தரிக்காய் மருந்து என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அலுமினியம் என்பவர்கள் அதைவிடக் கூட. அந்தச் சட்டிகளை வேண்டுமென்றே கழுவி எடுத்து என் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு வருகிறேன், ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் யார் எதில் பிழை விட்டோம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நானா சொன்னது சரி. நான் திருப்பிச் சொன்னது சரி. மங்கையக்கா செய்ததும் சொன்னபடிதான். இவ்வளவு சரியும் சேர்ந்து பிள்ளைகளைப் பாயில் கிடத்தியது. யோசித்து யோசித்து நான் வந்து நிற்கும் இடம் இதுதான்: புதுப் பாத்திரம் வாங்குவது கடையில் முடிவதில்லை. அது எதற்குப் பதிலாக வந்ததோ, அந்தப் பழையது குசினியைவிட்டு வெளியே போகும்போதுதான் முடிகிறது. கிடக்கட்டும் என்று மூலையில் கவிழ்த்து வைத்த பாத்திரத்தை ஒருநாள் யாரோ நிமிர்த்துவார்கள். மற்றது, "வேற ஏனம்" என்று சொல்லாதீர்கள். எந்த ஏனம் என்று கையால் தொட்டுக் காட்டுங்கள். வெள்ளியோ விரதமோ, பிள்ளைகளுக்கு முன் ஒரு பெரியவர் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். சாமி கோபித்தால் நான் பதில் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணியளவில் பெரிய ரீச்சர் ஓடி வந்தா. "அவர் வாறார், அண்டா தந்தவர். வண்டி படலையடியிலை. உதை மூடுங்கோ!" ஒரு சாக்கை எடுத்து அண்டாவின் மேல் போட்டா. போட்ட கையோடு அவர் வந்துவிட்டார். செய்தி கேட்டுப் பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியபடி, சாக்கைத் தானே விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஈயம் எல்லாம் போயிட்டுது" என்றார்.

பெரிய ரீச்சர் விலக்கிய சாக்கை எடுத்து மடிக்கத் தொடங்கினா.

"உங்களுக்குத் தரேக்கையே போகத் தொடங்கினதுதான் ரீச்சர். ஈயம் பூசுறவன் எங்கட பக்கம் வாறதை முந்தியே குறைச்சுப் போட்டான். வீட்டிலை சமைக்கப் பயம். விக்கலாமெண்டால் அம்மாவின்ர பேர். பள்ளிக்கூடத்துக்கெண்டால் எப்பிடியும் பாத்துப் பூசுவினம் எண்டு நினைச்சம்." தலையைச் சொறிந்தார். "நீங்கள் ஏன் எறியேல்லை?"

"அதே பேர்தான்" என்றேன்.

அவர் மண்டபத்துக்குள் வந்து, எந்தப் பிள்ளைக்குக் கூட வருத்தம் என்று கேட்டு, வசந்தியின் பாயருகே குந்தினார். நடந்ததை யாரோ வழியில் சொல்லியிருக்க வேண்டும்.

"கசந்ததே பிள்ளை?"

வசந்தி என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"கசந்தால் துப்ப வேணும். அந்த அண்டாவிலை பேர் கிடக்குதே, எங்கட அம்மா, அவா உப்பு ஒரு கல்லுக் கூடினாலும் துப்பிப்போட்டு, சட்டியோடை முத்தத்திலை கொண்டுபோய்க் கொட்டுறவா. அவாவின்ர பேருக்காகவோ நாங்கள் இவ்வளவு பேரும் இதை வைச்சுக் கும்பிட்டனாங்கள்?"